அஞ்சாவது வளைவு

அந்தச் சேர்ல உக்காராதீங்க, கால் ஆடும். இப்படி வாங்க. உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னா முக்கா மணி நேரம் ஆகுமுங்க. நின்னுட்டே இருந்தா உங்களுக்கும் சேத்து வைத்தியம் பாக்கோணும். உள்ள யாரு, அப்பாங்களா? பக்கவாதமா? அடடா. இந்தப் பிசியோதெரபி அம்மா கெட்டிக்காரிங்க, பொறுமையாச் செய்யும். நாங்க மூணு மாசமா வர்றோம், வாரத்துக்கு நாலு நாளு. எனக்குப் பீளமேட்டுல மோட்டார் பம்புக் கம்பெனி. அத விட்டுப்போட்டு இங்க வந்து உக்காந்திருக்கறேன். பேரு மோகனசுந்தரமுங்க. உள்ள இருக்கறது என்ர சம்சாரம் கோகிலவாணி.

விபத்துங்க. ரோட்டுல இல்ல, ட்ராக்குல. ஆமா, கார் ரேஸ் விடற ட்ராக்குதான். எல்லாரும் இப்படித்தான் பாக்கறாங்க, நீங்களும் பாக்கறீங்க. பொம்பளைக்கு அங்க என்ன வேலைன்னு. நானும் அதைத்தானுங்க கேக்கறேன்.

சொல்றதுக்கென்ன. உங்களுக்கு எந்த ஊரு? தாராபுரமா? அப்பச் சரி. அங்க என்னைய யாருக்குத் தெரியும்.

எனக்கு இந்தக் கிறுக்கு ஏழு வருசமா இருக்குதுங்க. மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழமை, காலைல ஆறு மணிக்கெல்லாம் போயிருவோம். கிளப்புல நாங்க பத்துப் பேரு. டாக்டர் கனகசபாபதின்னு ஒருத்தரு, அவருதான் செகரெட்டரி. மில்லு வெச்சிருக்கறவரு ரெண்டு பேரு, நகைக்கடைக்காரரு ஒருத்தரு, இப்படி. பெரிய பந்தயமெல்லாம் இல்லீங்க. ஒரு சுத்து எத்தனை நேரத்துல சுத்தறோம்னு கடியாரம் வெச்சுப் பாக்கறது, அவ்வளவுதான். நான் எப்பவும் ஒன்பதாவதா வருவேன். பத்தாவது அந்த நகைக்கடைக்காரரு. அவருக்குக் கண்ணு ஆபரேசன் ஆனது.

நேர் ரோட்டுல நான் யாருக்கும் எளப்பமில்லீங்க. மிதிக்கறதுக்கு என்ன பயம்? வளைவுலதான் போயிரும். வளைவுல வண்டி ஒரு பக்கமாச் சாயுமில்லீங்களா, சாஞ்சா டயருக்குப் புடிப்பு போயிரும். அது வண்டிக் குத்தம். ஓட்டறவன் என்ன பண்ணுவான்? நான் எடுத்ததுமே கண்டுபுடிச்சுட்டேன், எனக்கு வேண்டியது நல்ல சஸ்பென்ஷன். சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற ஸ்பிரிங்கு, ஷாக் அப்சார்பரு எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சுட்டு, ரேஸுக்குன்னு செஞ்சத மாட்டோணும். காயிலோவர்னு சொல்லுவாங்க. ஷாக் தலையில ஒரு திருகு இருக்கும். திருகத் திருகக் கிளிக்கு கிளிக்குன்னு சத்தம் வரும், ஒவ்வொரு கிளிக்குக்கும் ஷாக்கு இறுகிட்டே போகும். கேக்கறதுக்கே சொகமா இருக்கும்ங்க.

சிங்காநல்லூர்ல பெர்னார்டுன்னு ஒரு மெக்கானிக் இருந்தான். அவன்தான் மாட்டிக் குடுத்தான். மாட்டுனதுக்கப்பறம் ஒன்றரைச் செகண்டு கொறைஞ்சுதுங்க. ஒரு நிமிசம் இருவத்தஞ்சே முக்கால் செகண்டுல சுத்திட்டு இருந்தவன், ஒண்ணு இருவத்துநாலேகாலுக்கு வந்துட்டேன். ஒன்றரைச் செகண்டுன்னா உங்களுக்கு ஒண்ணுமில்ல. எங்களுக்கு அது ஒரு பொறப்பு. எட்டாவதா வந்தேன்.

அந்த வாரம் வீட்டுக்கு வந்தவங்ககிட்ட எல்லாம் சொன்னேன். கோகிலவாணிகிட்டயும் சொன்னேன். அடுப்படில நின்னு கேட்டுட்டு, "மீதியெல்லாம் எங்கீங்க போகுது?"ன்னு கேட்டா.

"எது மீதி?"ன்னேன்.

"டாக்டர் ஒண்ணு இருவத்தொண்ணுல வர்றாருன்னு சொன்னீங்கல்ல. அவரு பழைய ஸ்பிரிங்குதான வெச்சிருக்காரு?"ன்னா.

பாருங்க. பருப்புக்கு உப்புப் போட்டமா இல்லையான்னு ஞாபகம் இருக்காது, இது ஞாபகம் இருக்கு.

அவள பத்தி ஒண்ணு சொல்லோணும். அவிய அப்பா வால்பாறைல எஸ்டேட் ஜீப்பு ஓட்டுனவரு. நாங்க கலியாணம் பண்றப்ப நான் வெறும் லேத்துப் பட்டறைதான், எனக்கு ரெண்டு எடம் தட்டிப் போயிருந்துச்சு, அதனால முடிஞ்சுது. இல்லீன்னா டிரைவர் ஊட்டுல யாரு பொண்ணெடுப்பாங்க. பதினேழு வயசுலயே அவ ஜீப்பு ஓட்டுனவ. மழையில, பனியில, தேயிலை மூட்டைய ஏத்திட்டு. ஆழியாறுல இருந்து மேல நாப்பது கொண்டை ஊசி வளைவு இருக்குதுங்களே, அதுல ஏறி எறங்குனவ. அதச் சொல்லித்தான் எல்லாரும் பெருசாப் பேசறாங்க. டிரைவர் மக ஓட்டத்தானுங்க செய்வா? அது திறமையா? பழக்கம். கோழி கெளர்றத யாராச்சும் திறமைன்னு சொல்லுவாங்களா?

சரி. ஒரு ஞாயித்துக்கெழமை கிளப்புக்காரங்க குடும்பத்தோட வரச் சொன்னாங்க. எல்லாரு ஊட்டுல இருந்தும் பொம்பளைங்க வந்தாங்க. இவ பையன ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போற சின்ன வண்டில, பிரியாணி அண்டாவ பின்சீட்டுல வெச்சு ஓட்டிட்டு வந்தா. சாப்பிட்டு முடிச்சதும் டாக்டருக்கு ஒரு வெளையாட்டு. "லேடீஸும் ஒரு மூணு சுத்து சுத்தட்டும், அவங்கவங்க வண்டில"ன்னாரு. பொம்பளைங்க சிரிச்சுட்டுப் போனாங்க, சிரிச்சுட்டு வந்தாங்க. ரெண்டு நிமிசம், ரெண்டரை நிமிசம். இவ கடைசியாப் போனா. சேலைய ஏத்திச் சொருகிட்டு, செருப்பக் கழட்டி ஓரமா வெச்சுட்டுப் போனா.

மூணாவது சுத்து முடிஞ்சு வர்றப்ப டாக்டர் கடியாரத்தப் பாத்தாரு. ஒதறிப் பாத்தாரு. காதுல வெச்சுப் பாத்தாரு, அது என்னமோ சாவி குடுக்கற கடியாரம் மாதிரி.

ஒண்ணு இருவத்துமூணு.

ஸ்கூல் வண்டிங்க அது! எஞ்சின் என்ர வண்டில பாதி. ஸ்பிரிங்கு கம்பெனி போட்டுக் குடுத்த ஸ்பிரிங்கு. வளைவுல அது சாயறதப் பாத்தா கவுந்துரும்னு கண்ண மூடிக்குவீங்க. பின்சீட்டுல வேற காலி அண்டா.

அப்பறம் அந்த நகைக்கடைக்காரரு, கண்ணு தெரியாதவரு, அவரு சொன்னாரு: "மோகனு, அந்தக் காயிலோவரக் கழட்டி எனக்குக் குடுத்துரு. உனக்குத்தான் அம்மிணி இருக்குதே." எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிக்காம இருக்க முடியுங்களா? நான்தான் சத்தமாச் சிரிச்சேன்.

பதினோரு நாள் நான் அவகிட்டப் பேசல. கோவம்னு இல்லீங்க. எனக்குப் பேசறதுக்கு ஒண்ணும் இல்ல. சோறு கம்பெனிக்கு வரவழைச்சுச் சாப்பிட்டேன். சின்ன வண்டிச் சாவிய வாங்கி ஆபீஸ் டிராயர்ல போட்டேன். டயர் தேஞ்சிருந்துச்சு, பாதுகாப்பு இல்லைன்னுதான். பையன் ஆட்டோவுல போனான். அவளும் கேக்கல. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்னு வெச்சுக்கங்க.

அதுக்கப்பறம் நான் பெர்னார்டுகிட்ட வண்டிய விட்டு, பின்பக்கத்துக்கு வண்டி சாயாமப் புடிக்கற குறுக்குக் கம்பி மாட்டச் சொன்னேன். மூட்டுல இருக்கற ரப்பர் புஷ்ஷெல்லாம் எடுத்துட்டுக் கெட்டியானது போடச் சொன்னேன். போட்டான். ட்ராக்குக்குப் போனேன். ஒண்ணு இருவத்துநாலேகால். மறுபடியும் போனேன். இருவத்துநாலரை. அதிகமாகிருச்சு!

பெர்னார்டு என்ன சொன்னான் தெரியுங்களா? கையத் தொடைச்சுட்டே சொல்றான், "சார், இனிமே என்ன மாத்துனாலும் கொறையாதுங்க. வண்டில இருந்து எடுக்கறத எடுத்தாச்சு. மீதி நீங்க பிரேக்கு விடற எடத்துல இருக்குது. வேணும்னா ஒரு நாள் உங்ககூட உக்காந்து வரட்டுமா?"

மெக்கானிக்கு. எனக்கு.

நான் ஒண்ணும் சத்தம் போடலீங்க. வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன். ஆனா கிளப்புல நாலு பேருகிட்டச் சொன்னேன், பெர்னார்டு புது சாமானுக்குப் பதிலாப் பழசப் போட்டுடறான்னு. அப்படிப் போட்டானான்னு கேக்காதீங்க. போட்டிருந்தாலும் போட்டிருப்பான். ஆறு மாசத்துல அவன் ஒர்க்ஷாப்பக் காலி பண்ணிட்டான். இப்ப எங்கயோ டூவீலர் கம்பெனில சம்பளத்துக்கு இருக்கறானாம். நல்ல வேலைக்காரன்தான். வாய்தான் கெடுத்துச்சு.

இதுக்கு நடுவுல டாக்டர் என்னைய விடமாட்டேங்கறாரு. பாக்கறப்பெல்லாம், "அம்மிணியக் கூட்டிட்டு வாங்க மோகன். உங்க வண்டியக் குடுங்க, என்ன பண்ணுதுன்னு பாக்கலாம்"ங்கறாரு. எனக்கும் ஒரு யோசனை வந்துச்சு. சரி, குடுத்துப் பாக்கலாம். என்ர வண்டி ரேஸ் வண்டிங்க. கடுசான ஸ்பிரிங்கு. அது தூக்கித் தூக்கி அடிக்கும். ஸ்கூல் வண்டி மாதிரி அசைஞ்சு அசைஞ்சு போறவளுக்கு அது அடங்குமா? நாலு பேரு பாக்கத் திணறட்டும். அப்ப எல்லாருக்கும் விளங்கும், அன்னைக்கு நடந்தது ஏதோ குருட்டாம்போக்குன்னு.

ஒரு வெள்ளிக்கெழமை. கம்பெனி லீவு. ட்ராக்குல எங்களத் தவிர டாக்டரும் கொடி புடிக்கற ரெண்டு பேரும்தான். நான் காலைலயே போய் ஒரு வேலை செஞ்சேன்.

இத நான் யாருகிட்டயும் சொன்னதில்லீங்க. பின்பக்க ஷாக்கு ரெண்டையும் ஆறு கிளிக் இறுக்கி வெச்சேன். அப்படி இறுக்குனா வளைவுல வண்டியோட பின்பக்கம் சொன்ன பேச்சுக் கேக்காது. ஆக்சிலேட்டர்ல இருந்து பட்டுனு கால எடுத்தாப் போதும், பின்னாடி சுத்திட்டு முன்னாடி வந்துரும். அடிபடோணும்னு இல்லீங்க! பயப்படட்டும்னுதான். ஒரு தடவ பயந்துட்டா ஊட்டுல இருப்பா, எல்லாருக்கும் நிம்மதி.

அவகிட்டச் சொல்லல. எதுக்குச் சொல்லோணும்?

மொதச் சுத்து மெதுவாப் போனா. நான் டாக்டர் பக்கத்துல நின்னுட்டிருந்தேன். ரெண்டாவது வளைவுல பின்பக்கம் லேசா நழுவுச்சு, பாத்தேன். எனக்குச் சந்தோசம்னு வெச்சுக்கங்களேன். ஆனா அவ அதப் புடிச்சு நேராக்கிட்டா. புடிச்ச மாதிரியே தெரியலீங்க, தொட்டிலுல கொழந்தை பொரண்டா கைய வெப்பாங்கல்ல, அப்படி. ரெண்டாவது சுத்துல நழுவல. மூணாவது சுத்துல டாக்டர் கடியாரத்த எங்கிட்ட நீட்டுனாரு.

ஒண்ணு இருவது.

கிளப்புலயே யாரும் அத்தன வேகமாச் சுத்துனதில்ல. டாக்டரே சுத்துனதில்ல. அவரு கண்ணுல தண்ணி. "மோகன், அடுத்த மாசப் போட்டிக்கு உங்க பேரோட அவங்க பேரையும் எழுதலாமா?"ங்கறாரு. நான் சொன்னேன், "பாத்தீங்களா டாக்டர், காயிலோவர் என்ன வேலை செய்யுதுன்னு."

அவரு கடியாரத்தப் பையில போட்டுட்டாரு.

அவ வந்து நிறுத்துனா. நான் ஹெல்மெட் போட்டுட்டு இந்தப் பக்கத்து சீட்டுல ஏறி உக்காந்தேன். "போ. என்ன பண்றேன்னு பாக்கறேன்"ன்னேன். மூணு சுத்து போனோம்.

அவ ஒண்ணுமே பண்ணலீங்க. அதுதான் எனக்கு ஆறமாட்டேங்குது. நான் ஸ்டியரிங்கோட மல்லுக்கட்டுவேன், வேர்த்து ஊத்தும். அவ சும்மா உக்காந்திருக்கறா. அங்க நெடுக நேர் ரோடு முடிஞ்சு வலது கைப்பக்கம் திரும்பற ஒரு வளைவு இருக்குதுங்க, அஞ்சாவது வளைவு. உள்ள போகப் போக இறுகிட்டே போகும். நான் மூணாவது கியர்ல போய் நடுவுல பிரேக்கு அடிப்பேன். இவ நூறடி முன்னாடியே, ரோடு நேரா இருக்கறப்பவே பிரேக்கப் புடிச்சா. ரெண்டாவது கியருக்கு எறக்குனா. காலுக்கடில பூவ வெச்சிருக்கற மாதிரி பிரேக்க மெதுவா விட்டுட்டே, ஸ்டியரிங்க ஒரே தடவ திருப்புனா. வண்டி சாஞ்சுது, சாஞ்ச நெலைலயே நின்னு திரும்புச்சு. பாதி வளைவுலயே ஆக்சிலேட்டர மிதிச்சுட்டா. எனக்கு அசிங்கமாப் போச்சு. உள்ள போறது என்னைய விட மெதுவாப் போறா. வெளிய வர்றப்ப எங்கயோ போயிட்டா.

டாக்டர் நிக்கற எடத்துல இருந்து பாத்தாத் தெரியாது, பின்பக்கம் ஒரு பழைய கேட்டு இருக்குது. அங்க நிறுத்தச் சொன்னேன். "எறங்கு, நான் ஓட்டறேன்"ன்னேன்.

எறங்குனா. மாறி உக்காந்தோம். பெல்ட்ட மாட்டிட்டுக் கேட்டா, "ஏனுங்க, பின்னாடி என்னமோ மாத்தியிருக்கீங்களா? போன தடவ நீங்க என்னையக் கூட்டிட்டுப் போனப்ப வண்டி இப்படி இல்லியே. வழுக்குது."

"ஓட்டத் தெரியாம ஓட்டுனா வழுக்கத்தான் செய்யும்."

"சரிங்க. அஞ்சாவதுல மட்டும் மூணுல போகாதீங்க. உள்ள போனதுக்கப்பறம் கால எடுத்தா சுத்திரும்."

"எனக்குச் சொல்லித் தர்றியா?"

"இல்லீங்க. சொன்னேன்."

அந்த ஆறு கிளிக்க எறக்கி வெச்சுட்டு ஓட்டியிருக்கலாம். ரெண்டு நிமிச வேலை. ஆனா அவ பக்கத்துல நிக்கறப்ப டிக்கியத் தெறந்து, எப்படீங்க எறக்கறது? அவ ஓட்டுன வண்டிய நான் மாத்தி ஓட்டுனா அதுக்கு என்ன அர்த்தம் ஆகும்?

நேர் ரோட்டுல போறேன். நல்ல வேகம். அவ முன்னாடி இருக்கற கம்பியப் புடிச்சுக்கிட்டா. அவ பிரேக்கு புடிக்கற எடம் வந்துச்சு. "இப்பங்க"ன்னா. நான் புடிக்கல. "ஏனுங்க, இப்ப"ன்னா, கத்தலீங்க, கூப்பிடற மாதிரித்தான் சொன்னா. நான் வேணும்னேதான் புடிக்கல. அவ சொல்லி நான் புடிச்சேன்னு ஆகிருமில்லீங்க? மனசுக்குள்ள மூணு எண்ணுனேன். அதுக்கப்பறம்தான் திருப்புனேன்.

வண்டி திரும்பல. நேரா மண்ணுக்குப் போகுது. பயத்துல கால எடுத்துட்டேன். அவ்வளவுதான், பின்பக்கம் போயிருச்சு. மூஞ்சி உள்ளுக்குத் திரும்பிருச்சு, இடது பக்கம் முன்னாடியாப் போய் டயர் சொவத்துல அடிச்சுது. அவ பக்கம். எனக்கு ஒரு கீறல் இல்லீங்க. வலது பக்கத்துக் காயிலோவர் ரெண்டும் அப்படியே இருக்குது, இப்பவும் மாட்டலாம். சாமான் தரம்னா அதுதான்.

அவ கதவு சொவத்தோட ஒட்டிருச்சு. கைய, இந்த இடது கைய, கதவுக்கும் சீட்டுக்கும் நடுவுல வெச்சுட்டா. கொடி புடிக்கறவன் ரெண்டாவது வளைவுல இருந்து ஓடி வர்றான். "அசைக்காதீங்க சார், அசைக்காதீங்க"ன்னு கத்திட்டே வர்றான். நான் பெல்ட்டக் கழட்டி அவள என்ர பக்கமா இழுத்து வெளிய போட்டேன். கெடைச்ச கையப் புடிச்சுத்தான இழுக்க முடியும்? அந்தக் கைதான் கெடைச்சுது. கத்துனா. ஒரே ஒரு தடவ.

ஏன் இழுத்தீங்கன்னு கேக்கறீங்களா? தீப்புடிச்சிரும்னு பயம்ங்க. இல்ல, புகையெல்லாம் இல்ல. தூசிதான். ஆனா தூசி பாக்கப் புகை மாதிரித்தான் இருக்கும்.

அவன் வந்து சேர்றப்ப நாங்க ரெண்டு பேரும் டிரைவர் பக்கத்து மண்ணுல கெடக்கறோம். டாக்டர் ஸ்கூட்டர்ல வந்தாரு. நாடியப் புடிச்சுப் பாத்தாரு. "என்னாச்சு? நல்லாத்தான ஓட்டிட்டு இருந்தாங்க?"ன்னாரு. அவராத்தானுங்க அப்படிக் கேட்டாரு. அவரு பாத்தது அவ ஓட்டிட்டுப் போனதத்தான?

நான் "ஆமாங்க டாக்டர்"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

இதப் பொய்ன்னு சொல்லாதீங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அடுத்த மாசம் போட்டி. நான் ஓட்டுனேன்னா என்ர லைசென்ஸ ரெண்டு வருசத்துக்குப் புடுங்கிருவாங்க, நடுவுல வண்டிய நிறுத்தி ஆளு மாறுனது பெரிய குத்தம். அவளுக்குப் போறதுக்கு என்ன இருக்குது? கை போயிருச்சு. தோள்ல தகடு வெச்சிருக்கு, முழங்கையில ரெண்டு கம்பி, வெரலு மடங்காது. கியர் போடற கைங்க அது. கம்பி போட்டதால மட்டும் இல்லையாம், நரம்பு இழுபட்டுருக்குன்னு ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் சொன்னாரு. அடிபட்டப்ப இழுத்ததான்னு கேட்டாரு. ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்ப இருக்கும்னு சொல்லிட்டேன். எப்படியும் அவ ஓட்டப் போறதில்ல. ஓட்ட முடியாதவளுக்குத் தடை போட்டா என்ன, போடாட்டி என்ன? ஒரு ஆளுக்காவது மிச்சமாகட்டுமே.

கிளப்புல எழுதிக் கேட்டாங்க. காரணம் என்னன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. வண்டிக் கோளாறா, ஓட்டுனவர் பிழையா? வண்டிக் கோளாறுன்னு எழுதுனா பிரிச்சுப் பாப்பாங்க. பிரிச்சா அந்த ஆறு கிளிக்கு தெரிஞ்சிரும். அதனால, "ஓட்டுனவரின் திறமைக் குறைவு"ன்னு எழுதுனேன். எழுதறப்ப எனக்கே கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஏழு வருசமா நான் சொல்லிட்டு இருந்ததுக்கு நேர் எதிருங்க அது.

கீழ அவ கையெழுத்துப் போடோணும். வலது கை நல்லாத்தான இருக்குது. எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்னைக்குத்தான் அவளக் கொஞ்சம் சாய்ச்சு உக்கார வெச்சிருந்தாங்க. வெவரம் சொன்னேன். எல்லாம் அவ ஓட்டுனதா எழுதியிருக்கு, ஒண்ணும் ஆகாது, கையெழுத்து மட்டும் போடுன்னு. அழுவா, சண்டை போடுவான்னு நெனைச்சேன். கதவச் சாத்திட்டுத்தான் பேசுனேன். ஒண்ணும் இல்ல. "படிங்க"ன்னா.

படிச்சேன். அன்னைக்குத் தேதி, நேரம், சுத்து எத்தனாவது, எல்லாம் கேட்டுட்டே இருந்தா. திறமைக் குறைவுன்னு படிச்சப்பவும் ஜன்னலத்தான் பாத்துட்டு இருந்தா. "அஞ்சாவது வளைவில் மூன்றாவது கியரில் அதிவேகமாக நுழைந்து"ன்னு படிச்சேன். கைய நீட்டி நிறுத்துனா.

"மூணுன்னா எழுதியிருக்கீங்க?"

"ஆமா."

"ரெண்டுன்னு எழுதுங்க. நான் அந்த வளைவுக்கு மூணுல போகமாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "அம்மிணி, கை போயிருக்குது, பேரு போகப் போகுது, கியரு ரெண்டா மூணாங்கறதா இப்ப பேச்சு?"

"பேரு போனாப் போகட்டும். நான் ஓட்டுனேன்னு போட்டுக்கங்க. ஆனா ரெண்டுன்னு போடுங்க. டாக்டர் படிப்பாரு. நான் மூணுல போனேன்னு அவரு படிக்கக் கூடாது."

"ரெண்டுன்னு போட்டா?"

"கையெழுத்துப் போடறேன்."

நானும் யோசிச்சேன் பாத்துக்கங்க. மூணுங்கறத அடிச்சுட்டு ரெண்டுன்னு எழுதறதுக்கு எவ்வளவு நேரமாகும்? பேனா கையிலதான் இருந்துச்சு. ஆனா முடியாதுங்களே! ரெண்டுல போனதா எழுதுனா யாரு நம்புவாங்க? ரெண்டுல போயிருந்தா வண்டி திரும்பியிருக்குமே!

அப்பறம் என்ன. வெளிய வந்து வராந்தாவுல உக்காந்து நானே போட்டுட்டேன். பதினெட்டு வருசமாப் பாக்கற கையெழுத்து. ரேஷன் கார்டுல இருந்து பையன் ரேங்க் கார்டு வரைக்கும். "கோ" மட்டும் கொஞ்சம் பெருசா வந்துருச்சு, யாரும் கவனிக்கல. நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்காங்க, அவ ஆயுசுக்கும் ட்ராக்குக்குள்ள வரக் கூடாதுன்னு. டாக்டர் அதப் படிச்சுட்டு, "மூணாவது கியரா?"ன்னு ரெண்டு தடவ கேட்டாராம். அதுக்கப்பறம் ஆஸ்பத்திரிப் பக்கம் வரல. நல்ல மனுசன். பொம்பளைய நம்பி ஏமாந்துட்டமேன்னு வருத்தமா இருக்கும்.

நான் போட்டிக்குப் போனேனுங்க. ஒன்பதாவதா வந்தேன். வேற வண்டி, ஸ்பிரிங்கு இன்னும் செட்டாகல.

கதவு தெறக்கறாங்க. அதா வர்றா பாருங்க, அந்தப் பச்சச் சேலை. உங்ககிட்டப் பேசுவா, எல்லார்கிட்டயும் நல்லாத்தான் பேசுவா. எங்கிட்டத்தான் இல்ல. கை எப்படி இருக்குதுன்னு கேளுங்க, பையன் படிப்பக் கேளுங்க, என்ன வேணும்னாலும் கேளுங்க. எப்படி அடிபட்டுச்சுன்னு மட்டும் கேட்டுறாதீங்க. முழுசும் ஒத்துக்குவா, ஆமா நான்தான் ஓட்டுனேன்னுருவா. அப்பறம் மூணு இல்ல, ரெண்டுன்னு ஆரம்பிச்சுருவா. நிறுத்தவே மாட்டா.